உப்பளத்தில் முளைத்த மூக்குத்திப்பூ

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பளத்தில் நானும் என் மதினியும் உப்புச் சுமந்தோம்.

அளத்து வரப்பில் உமிரியைத் தவிர வேறு செடி முளைக்காது. ஒரு நாள் நாங்கள் சாப்பிட உட்காரும் இடத்தருகே மூக்குத்திப்பூச் செடி நின்றது. தரையோடு படர்ந்த கொடி. சாண் உயரத்துக்கு ஒற்றைக் காம்பு, நுனியில் ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றி வெளிறிய இதழ்கள். எங்கள் தெருவில் கிணற்றைச் சுற்றி நிற்பதுதான். விதைக்குப் பஞ்சு உண்டு, காற்றில் வந்திருக்கும். வந்தது சரி. உப்பில் எதைக் குடித்துப் பிழைக்கிறது?

அளத்தில் குடிதண்ணீர் கிடையாது. முறை வைத்து, தினம் ஒருத்தி ஊர்க் குழாயிலிருந்து குடம் சுமந்து வர வேண்டும். மதினிக்கு ஏழு மாதம். போன முறை வழியில் மயங்கி விழுந்திருந்தாள்.

செடியைக் காட்டினேன்.

"ஏளா, கெணத்தடிச் செடில்லா இது! அடியில நல்ல தண்ணி கெடக்கும். பொறவு யாரு நடக்கா?" என்றாள்.

கங்காணியிடம் மண்வெட்டி கேட்டோம்.

"அளத்துல கெணறா? வெட்டுங்க, வெட்டுங்க. மீனு கெடச்சா எனக்கும் ஒண்ணு தாங்க" என்று சிரித்தபடி கொடுத்தார்.

செடியை வேரோடு எடுத்து ஓரமாக வைத்தேன். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறியது. மதினி கையில் அள்ளிக் குடித்தாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, "உப்பு" என்றாள்.

குழியை மூடினேன். சாப்பிட்டோம். மதினி தூக்குச்சட்டியில் ஒரு மடக்கு குடிதண்ணீர் விட்டு அலசி, அதை வரப்பில் வீசினாள். தினம் வீசுகிற இடம். எல்லாரும் அங்கேதான் வீசுவோம். மூடின குழிமேல் விழுந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்த்தாள்.

"களவாணி. நான் சொமந்த தண்ணியக் குடிச்சிட்டுல்லா பூத்து நிக்கி."

அதே இடத்தில் திரும்ப நட்டேன். மறுநாள் மதினியின் முறை. குடத்தை நான் எடுத்தேன். பிள்ளை பிறக்கும் மட்டும் அவள் முறைக்கு நானே நடந்தேன்.

நட்ட தலை கருகிவிட்டது. ஆனால் தண்டின் ஒரு கணு மண்ணைப் பிடித்து வேர் விட்டது. எவ்வளவு தண்ணீர் அதற்குப் போதும் என்று பார்க்க, மற்றவர்களை வேறு பக்கம் வீசச் சொல்லிவிட்டு, என் சட்டி அலசியதை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினேன். தினம் குனிந்து பார்ப்பேன்.

"பேறுகாலம் எனக்கா, அதுக்கா?" என்றாள் மதினி.

அவளுக்கு முந்தி அது மொட்டு விட்டது.