லெட்சுமி இல்லாத மேடை

லெட்சுமி தொடங்கிய மாநாட்டிலிருந்து லெட்சுமியையே விலக்கியவள் நான்தான்! வேறு எவரும் அல்லர். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தீவில், ரோஸ் ஹில் ஊர்ச் சந்தையின் ஓரத்தில் மிளகாய் வடை சுட்டு விற்றவள் அவள். எதிரே என் தையற்கடை. தெருவில் விற்ற பெண்களின் கூடைகளைக் காவலர்கள் பறித்துச் சென்றபோது, "தனித்தனியா அழுதா யாரு கேப்பா? வியாபாரம் பண்ற பொம்பளைங்க எல்லாரும் ஒரு நாள் கூடுவோம் அக்கா" என்றாள்.

என் கடைக்குள்ளேயே கூடினோம். காய்கறி விற்பவர்கள், ஊறுகாய் போடுபவர்கள், தொப்பி பின்னுபவர்கள்... ஆண்டுதோறும் கூட்டம் பெருகிற்று. கடை போதாமல் பள்ளிக்கூடத்துக்கு மாறினோம். பிறகு நகர மண்டபத்துக்கு.

மண்டபத்தில் கூடிய முதல் ஆண்டு, நகர சபைத் தலைவரின் மனைவி விருந்தினராக வர இசைந்தார். பிரெஞ்சு படித்த நானே வரவேற்புரை ஆற்றுவதென்று முடிவாயிற்று. லெட்சுமிக்கோ தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டும்தான். அதுவும் சந்தைக் குரலில்! எண்ணெய் மணக்கும் சேலையோடு அவள் மேடையேறினால்...? கூசினேன். ஏன் கூசினேன்? அந்தக் குரல்தானே எங்களைக் கூட்டியது!

"இந்த வருஷம் கூட்டம் இல்லை லெட்சுமி. மண்டபம் கிடைக்கலை."

"ஆயோ! சரி அக்கா. அப்போ ஞாயித்துக்கிழமை கிராண்ட் பேயில இருக்கற மக வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

அந்த ஞாயிறன்று மேடையில் அறிவித்தார்கள்: புதிய சந்தைக் கட்டடத்தில் எங்கள் பெண்களுக்கு இடம்! விருந்தினர் என் பக்கம் திரும்பி, "இடம் தர வேண்டியவர்களில் இன்று வராதவர்கள் எவரேனும் உண்டா?" என்று பிரெஞ்சில் கேட்டார். கீழே இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லெட்சுமியின் பெயரைச் சொன்னால் என் பொய்யும் வெளிப்படுமே...

"இல்லை, மதாம்" என்றேன்.

புதிய சந்தை திறந்ததும் தெருவோரத்தில் விற்பதற்குத் தடை வந்தது. லெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனாள். போகுமுன் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "மண்டபம் கடைசி நேரத்துலதான் கிடைச்சிருக்கும். எனக்குச் சொல்லியனுப்ப ஏது நேரம்? நீ என்னக்கா பண்ணுவே?" என்றாள்.

ஆம் என்று தலையசைத்தேன்! இவ்வளவுக்கும் பிறகு அதையும் செய்தேன்.

இப்போது நாடு விடுதலைக்குக் காத்திருக்கிறது. எங்கள் மாநாட்டுக்குத் தீவெங்கிலுமிருந்து பெண்கள் வருகிறார்கள். நான் தலைவி. அண்மையில் காத்ர் போர்ன் ஊரில் பேருந்துக்கு நின்றபோது லெட்சுமியைக் கண்டேன். வெயிலில் கறுத்து, மெலிந்திருந்தாள்.

"இந்தத் தடவை கூட்டத்துக்கு நானும் வரட்டுமா அக்கா?"

என்னிடம் அனுமதி கேட்டாள்... அவள்!

வந்தாள். கடைசி வரிசையில் அமர்ந்தாள். இம்மாநாடு பிறந்த கதையைச் சொல்லும்படி மேடையில் என்னைக் கேட்டார்கள். எழுந்தேன். அவளைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே!

"என் கடையில்தான் தொடங்கினேன்" என்றேன்.

மண்டபம் முழுவதும் கைதட்டியது. லெட்சுமியும் தட்டினாள்... மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.