அமுதா கெணறு

எங்கள் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் தேங்கி நின்றால் திட்டெல்லாம் எனக்குத்தான். எடை மேடைக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் நான். விவசாயியின் பெயரைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்னாம்மா தங்கமணி, தூங்கிக்கினு கீறியா?" என்பான் டிரைவர். நான் எங்கே தூங்கினேன், சர்வரல்லவா தூங்குகிறது! வெயிலில் கரும்பு காய்ந்து எடை குறைகிறதே என்று வயிறெரிந்து நிற்பவனிடம் இதைச் சொல்ல முடியுமா?

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் ஆனந்தமேரி, கச்சிராயபாளையத்துப் பெண். மத்தியானத்தில் பாகு மணம் பரவி எல்லோருக்கும் கண் சொருகும் நேரம், அவள் ஜன்னல் வழியாகக் கல்வராயன் மலையைப் பார்த்தபடி இருப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. கத்தினால், "டேபிளுக்குள்ள நடந்துக்கினு இருந்தேங்கா" என்பாள். விவசாயிகள் விவரமெல்லாம் இருக்கும் அந்த டேபிளில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சர்வர் தேடிப் போகிறதல்லவா? கூடவே இவளும், கரும்புத் தோகையை விலக்கிக்கொண்டு நடப்பாளாம். பைத்தியம்!

அவளுடைய அப்பா ஆசீர்வாதம் மாட்டு வண்டியில் கரும்பு கொண்டுவருகிறவர். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி முன்னால் வந்திருக்கலாம். வரமாட்டார். வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், "இந்த வெட்டோட சரி, கொல்லய வித்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் பயிர் வைக்கும் நிலம். அந்தக் கொல்லைக் கிணறு அவள் அம்மா அமுதா மண் சுமந்து வெட்டியது. அம்மா இப்போது இல்லை. "அத எவனுக்கோ குடுத்துட்டா நான் எங்கக்கா போய் உக்காருவேன்?" என்று மேரி அழுதாள்.

சர்வருக்கு மெமரியைக் கூட்டினாள். வட்டம் கொஞ்சம் சீக்கிரம் நின்றது. பெயருக்கு இன்டெக்ஸ் போட்டாள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அந்த மாதிரி. என்ன பிரயோஜனம்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. ராமசாமி என்று தட்டினால் ஒரு கூட்டமே எழுந்து வந்தது. அப்பா பெயர் கேட்டால் நாராயணசாமி. அதுவும் ஒரு கூட்டம். ஆலை கொடுத்த பதிவு நம்பரோ யாருக்கும் வாயில் வராது.

ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மேரி டேபிளுக்குள் போய்விட்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இப்ப எந்த ஊர்ல கீறே, மகராணி?"

"ரெட்டப்பன கொல்லயத் தாண்டி, பாறக்கொல்ல ஓரமா, அம்மா கெணத்தாண்ட..." என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, நான் ஒரு ஆள் பேரு கூட சொல்லலியே!"

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு பெயர் உண்டு. வருஷா வருஷம் ஆலைக்காகக் கரும்புப் பதிவு எடுக்கப் போகிறவர்கள் அதையும் குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அதை வைத்துத் தேட யாருக்கும் தோன்றவில்லை. மேரி அதற்குத் தனிக் கட்டம் ஒதுக்கி, ஊரையும் கொல்லையையும் சேர்த்து இன்டெக்ஸ் போட்டாள். அவ்வளவுதான். சர்வர் எல்லா வரியையும் மிதித்துக்கொண்டு போகாமல் நேரே போய் அந்த ஒரு வரியில் நின்றது.

ஆசீர்வாதத்தின் வண்டி மேடைக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"பேரு வேணாங்க. ஊரும் கொல்லயும் சொல்லுங்க."

"கச்சிராயபாளையம்... அமுதா கெணறு."

தட்டினேன். மாடுகள் கால் ஊன்றி நிற்பதற்குள் வந்துவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். மனைவியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். எடை போட்டாகிவிட்டது, வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வாயை மூடுங்கடா என்று அவர்களைத்தான் அதட்டினேன்.

"அடுத்த வருசத்துக்கும் இதே பேர்ல பதிஞ்சுடும்மா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஆனந்தமேரி ஜன்னலருகே, முகத்தை மலைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கூப்பிடாமலே காதில் விழுந்திருந்தது.