அண்ணன் கொண்டுவந்த தண்ணீர்

எங்கள் ஊராட்சியில் குடிதண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் பெட்டி ஏறக்குறைய இரண்டு வருடம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. மகளிர் குழுவிலிருந்து ஐந்து பேரை உசிலம்பட்டிக்கு ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற நாலு பேரும் மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டார்கள். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற கொழுப்பில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டேன். பெட்டி என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பியபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெட்டிக்குள் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள், கண்ணாடிக் குழாய்கள், நிறத்தை ஒத்துப் பார்க்க ஓர் அட்டை. இரண்டு சோதனைதான் முக்கியம். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருந்தால், சொட்டு மருந்து விட்டதும் மஞ்சளாகும். இன்னொரு குப்பியில் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் போல வைத்திருந்தால், கிருமி இருக்கிற தண்ணீர் கறுத்துப்போகும். மஞ்சள் வர வேண்டும், கறுப்பு வரக் கூடாது. வாரம் ஒரு முறை பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதை வைத்து ஊராட்சி ஆபீஸ் வாசல் போர்டில் ‘தண்ணீர் குடிக்க உகந்தது’ என்று எழுதுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது, ஒன்பதாவது படிக்கும் என் மகளும் குடித்தாள்.

தண்ணீரை எங்கே பிடிக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. டேங்கின் அடியில் பிடிக்கக் கூடாது. குழாய் முடிகிற கடைசித் தெருவில், கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சோதிக்கிறவர் தன் கையாலேயே பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் திறக்கிற நேரமும் மகளுக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புகிற நேரமும் ஒன்று. பாதி வாரிய தலையோடு அவளை நிறுத்திவிட்டு, பாட்டிலும் கையுமாக ஓடுவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் டேங்க் ஆபரேட்டர் ஒரு நாள் என்னை மறித்தார்.

“நீ எதுக்குத் தங்கச்சி இம்புட்டுத் தூரம் ஓடியாற? நான் அங்கிட்டுத்தான வால்வு திருப்பப் போறேன். பாட்டில இங்க குடு, பிடிச்சாந்து தாரேன்.”

அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் மகன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அண்ணன் முறை. கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லாததால், மகளுக்குக் காது குத்தியபோது மாமன் முறைக்கு அவர்தான் சீர் கொண்டுவந்தார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். ‘அடுத்தவர் கொண்டுவரும் தண்ணீரைச் சோதிக்காதீர்கள்’ என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அண்ணன் எனக்கு அடுத்தவரா? எங்கள் பக்கம் அண்ணன் கொண்டுவரும் சீர்த்தட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் அவமானப்படுத்தினதாக அர்த்தம். அந்தப் பழக்கத்தில்தான் பாட்டிலையும் வாங்கினேன்.

பிளீச்சிங் பவுடர் வாடையை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. காப்பியில் வாடை, சோற்றில் வாடை என்று குழாயடியில் என்னைத்தான் ஏசுவார்கள், என்னவோ நானே மூட்டையைச் சுமந்துபோய் டேங்கில் கொட்டுகிற மாதிரி. நானும் சளைக்காமல் ஏசுவேன். மாசியில் குலசாமி கோயில் பொங்கல் முடிந்த பிறகு அந்த ஏச்சு அடங்கிவிட்டது. “இப்பத்தான் தண்ணி தண்ணியா இருக்கு” என்றார்கள். என் வீட்டுக் குடத்திலும் வாடை இல்லை. ஆனால் அண்ணன் கொண்டுவரும் பாட்டிலில் சொட்டு விட்டால் மஞ்சள் பளிச்சென்று வரும், குப்பியும் கறுக்காது. பரவாயில்லை, அண்ணனுக்கு அளவு கைவந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மூக்கு ஒன்று சொன்னது, பாட்டில் ஒன்று சொன்னது. நான்தான் படித்தவளாயிற்றே, பாட்டிலை நம்பினேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் இறங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஊர்க் குழாய்த் தண்ணீர்தான், அதற்கு நான் பொறுப்பு என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அதே வார்டில் எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவருக்கு டைபாய்டு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தெருவில் விற்ற ஏதோ தின்பண்டம்தான் காரணம் என்று அவர்களிடம் வாதாடினேன்.

அண்ணன் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவருக்குக் கண் கலங்கியது. கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில் நாலைந்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, “புள்ளைக்கு இதையே குடு தங்கச்சி. வீட்டுத் தண்ணி கொண்டாந்து குடுக்காத” என்றார். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்த வாரச் சோதனை பாக்கி இருந்தது. அண்ணன் வழக்கம்போலப் பாட்டிலைச் சமையல்கட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சொட்டு விட்டேன். அடர்ந்த மஞ்சள். நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தவள், வார்டில் இருந்த மூன்று பேரையும் நினைத்து நின்றுவிட்டேன். எழுந்துபோய் என் வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்தேன். சொட்டு விட்டேன். நிறமே இல்லை. சொட்டு மருந்து கெட்டுவிட்டதோ என்று பாட்டில் தண்ணீரில் மறுபடி விட்டுப் பார்த்தேன். மஞ்சள். குழாய்த் தண்ணீரில் விட்டேன். வெறும் தண்ணீராக அப்படியே நின்றது. பாட்டிலை எடுத்துக்கொண்டு டேங்குக்கு நடந்தேன்.

மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அடி மூட்டை ஈரம் ஏறிக் கல்லாகியிருந்தது. அண்ணன் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

அவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். ஒளிக்கவில்லை. “கோவப்படாத தங்கச்சி. மாசிப் பொங்கலுக்கு மருந்து இல்லாமத் தண்ணி விடுன்னு மாப்ளதான் கேட்டாரு. இந்த வருசம் கோயில் பொறுப்பு அவருதுல்ல. சாமிக்கு வைக்கிற பொங்கல்ல மருந்து வாடை அடிச்சா நல்லாவா இருக்கும்? மூணு நாளைக்குன்னுதான் நிறுத்துனேன். தண்ணி நல்லாருக்கு, அப்படியே விடுன்னு ஊரே சொல்லுச்சு. விட்டுட்டேன்.”

“பாட்டில்ல எப்படி மஞ்ச வந்துச்சு?”

“பழைய மூட்டையில மிஞ்சுனத டப்பாவுல வச்சிருக்கேன், அதுல ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கிக் கொண்டாருவேன்.” ரசத்துக்கு உப்புப் போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். “உனக்குத் தெரிஞ்சா நோட்டுல எழுதிப்புடுவ, அப்புறம் என் வேலைக்கு வேட்டு வந்துரும்னு மாப்ளதான் யோசன சொன்னாரு.”

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. பாட்டில் தண்ணீரை அவர் காலடியில் கொட்டினேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். “ஒம் மடியில வச்சுத்தானண்ணே அவளுக்குக் காது குத்துனோம்” என்று கத்தினேன். அவர் குனிந்து வாஷரை முறுக்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் மறுப்பார், சத்தியம் செய்வார், நானும் நம்பித் தொலைக்கலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவர் மறுக்கவில்லை.

“தெரிஞ்சிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?”

“இருந்திருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

“ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?”

“ஒன்னயத் தவிர எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

ஆக, குழாயடியில் என்னிடம் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லோரும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடந்ததை எத்தனை நக்கலான சிரிப்போடு பார்த்திருப்பார்களோ. இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. பெற்ற பிள்ளை குடிக்கிற தண்ணீர் என்றுகூட நினைக்கவில்லையா? கேட்டேன். “நாமளுந்தான குடிச்சோம், நமக்கு என்ன ஆச்சு?” என்றார்.

அடுத்த வாரம் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். மழைத் தண்ணீர் நிறைந்த வால்வுக் குழி ஒன்றில் குழாய் வெடித்து, சாக்கடையை உள்ளே இழுத்திருந்தது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் மருந்து இருந்திருந்தால் இவ்வளவு பேர் படுத்திருக்க மாட்டார்கள் என்றார் அதிகாரி. மோட்டார் ரூமைப் போய்ப் பார்த்தார். மூட்டை அடுக்கைக் காணோம். பிரித்த மூட்டை ஒன்று, அதற்குள் அள்ளுகிற கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான் இருந்தது.

ஊராட்சி ஆபீசில் நோட்டை விரித்து வைத்தார்கள். வாரா வாரம் என் கையெழுத்து. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “டெஸ்ட் பாத்தது, எழுதுனது எல்லாம் தங்கச்சிதான் சார். நான் தண்ணி தொறந்து விடுறவன். மருந்து தெனமும் போட்டேன்.”

நான் நடந்ததைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அதிகாரி அமைதியாகக் கேட்டார். “அந்தப் பாட்டில் இருக்கிறதாம்மா?” இல்லை என்றேன். அதை நான் அண்ணன் காலடியில் கொட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்தேன். ஆளாளுக்குச் செல்போனைத் தடவினார்கள். அதிகாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த தகப்பன் பொய் சொல்ல மாட்டான் என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

“நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக் குழாய்ல மருந்து வாடை வருமா, வராதா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“வரும் சார். நல்லாவே வரும். அந்தத் தண்ணியில ஏனத்தக் கழுவுனா பால்கூடத் திரிஞ்சு போகும்.”

சோதனை முறைப்படி செய்யப்படவில்லை என்று அதிகாரி எழுதினார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. கடைசித் தெருக் குழாயில் நான் பிடிக்கவில்லைதான், அந்தத் தப்பு என்னுடையதுதான். பெட்டியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். இப்போது வேறொருத்தி வைத்திருக்கிறாள். தண்ணீரில் மருந்து வாடை தூக்குகிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அவனுக்கு வேலை போயிரும். ரெண்டு புள்ள வச்சிருக்கான். ஒனக்கு என்ன, ஒரு பெட்டிதான போச்சு” என்றார். என் மானம், என் கையெழுத்து, ஆஸ்பத்திரியில் ஈர்க்குச்சியாகக் கிடந்த பிள்ளை எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு பெட்டி. அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மகள் தேறிவிட்டாள். முடி கொட்டிப் புதிதாக வளர்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. வயலிலிருந்து வந்து உட்கார்ந்ததும், சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

“காய்ச்சுன தண்ணிதான?”

“ஆமா” என்கிறேன்.

அண்ணாந்து மடமடவென்று முழுச் சொம்பையும் குடித்துவிடுகிறார். ஒரு நாளாவது என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, இவள் பொய் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவருக்கு அந்தச் சந்தேகமே வருவதில்லை.