மருதாசலம் வாங்கிய வால்வுப் பெட்டி

மருதாசலத்தைப் போலப் பயப்படுகிற மனுஷனை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண் அசந்துவிடுவாரோ என்று பயம். இறங்கினால் கிட்டாரை உள்ளேயே விட்டுவிட்டோமோ என்று பயம். கிட்டார் அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கச்சேரி நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு எங்கள் மெல்லிசைக் குழுவில் வந்து வாசிப்பார். சொந்த ஊர் மல்லசமுத்திரம். தோட்டம், கிணறு, மோட்டார் என்று வசதிக்குக் குறைவில்லாத குடும்பம்தான். அப்படியிருந்தும் இப்படி.

நான் செங்கோடன், அதே குழுவில் தபேலா. மேடையில் அவருக்குப் பக்கத்து இடம் எனக்கு. அதனால் அவருடைய பயத்தில் பாதி என் காதில்தான் வந்து விழும். சில நாள் தபேலாவைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டால் அந்த ஆளே வேறு. அதற்காகத்தான் பொறுத்துக்கொண்டேன்.

குழுவை நடத்தியவர் நசுருல்லா பாய். செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம், அக்கார்டியன் வாசிப்பார். எண்பத்து நாலாம் வருஷம் பொங்கல் கச்சேரிகள் முடிந்த கையோடு மருதாசலத்தைக் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"இந்தா பாரு மருதாசலம், இப்ப வர்ற பாட்டெல்லாம் முன்ன மாதிரி இல்ல. முதல் வரியில கிட்டார் தேன் மாதிரி வரணும். நடுவுல வந்தா ரோடு ரோலர் மாதிரி உறுமணும். நீ மைக் செட்டுல நேரா சொருகி வாசிக்கிற. ஜனங்களுக்குத் தகரத்தைத் தட்டுற மாதிரி கேக்குது. ரெண்டு சத்தமும் வர்ற பெட்டி ஒண்ணு பாத்துக்க. ஈரோட்டுல ஒருத்தர் ஜப்பான் கீபோர்டு வெச்சிருக்கார். அதுல எல்லாச் சத்தமும் வருதாம்."

பாய் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மருதாசலத்தை ஆட்டிவிட்டது. பங்குனியில் மல்லசமுத்திரத்து மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, எங்கள் கச்சேரி. அதற்குள் பெட்டி வரவில்லையென்றால் கிட்டாருக்கு வேலை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

டவுனில் ஒரு கடையில் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தது. லேசானது, ஒரு கையில் தூக்கலாம், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே சத்தம். உறுமல் வேண்டுமென்றால் தனியாக ஒரு சின்ன டப்பாவை நடுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கிட்டாரோடு திருச்சி வானொலியும் கொஞ்சம் கேட்டது. வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். வாங்குங்கள் என்றேன். வாங்கினால் இரைச்சல் வருமே என்றார். அப்படியானால் வேண்டாம் என்றேன். வேறு வழி இல்லையே என்றார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அப்புறம்தான் டென்சில் விஷயம் காதுக்கு வந்தது. ஜங்ஷன் பக்கம் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியர். வாலிபத்தில் கப்பலில் வாசித்தவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போவதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். லண்டனில் வாங்கிய வால்வுப் பெட்டி ஒன்று இருந்தது, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகளில் ஓடுவது. அதற்குள்ளேயே இரண்டு வழி, அதைச் சேனல் என்றார்கள். ஒன்றில் சுத்தமான சத்தம், மற்றதில் கரகரப்பு. காலடியில் ஒரு சுவிட்ச். அதை மிதித்தால் வாசிப்பை நிறுத்தாமலே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம்.

வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றப் போனோம்.

"அட, செருப்போட வாங்க மேன். இங்க அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல" என்றார் டென்சில்.

அவரே வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டுதான் நின்றார். மருதாசலம் கூசிக்கொண்டே ரப்பர் செருப்போடு உள்ளே போனார். பெட்டியின் பின்பக்கத்தில் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. முதல் சேனலில் மருதாசலம் ஒரு தாலாட்டுப் பாட்டை மீட்டினார். கூடத்தில் யாரோ உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. செருப்புக் காலால் சுவிட்சை மிதித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மருதாசலத்தின் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

கலங்கிய கண்ணோடேயே கேள்வியை ஆரம்பித்தார். வால்வு போனால் எங்கே கிடைக்கும்? திருச்செங்கோட்டு ரோட்டுக் குண்டு குழியில் இது தாங்குமா? ஊர்ப்பக்கம் கரண்ட் குறைவாக வந்தால் என்ன ஆகும்? கூடுதலாக வந்தால்? எலி புகுந்தால்?

டென்சில் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாற்று வால்வுகளையும் சேர்த்தே தருவதாகச் சொன்னார். கடைசியில் சிரித்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போனப்பகூட நீங்க இவ்வளவு கேட்டிருக்க மாட்டீங்க மேன்" என்றார்.

வீட்டுக்குப் போனவர் முடிவெடுக்க முடியாமல் கிடந்தார். அவர் மனைவி வசந்தாமணி என்னைப் பார்த்ததும் புலம்பினார்.

"ஏனுங்கண்ணா, தட்டத்துல கைய வெச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருக்கறாருங்க. எதோ ஒண்ண வாங்கித் தொலைக்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன். மருதாசலம் தலை நிமிராமல் பேசினார்.

"டிரான்சிஸ்டர வாங்குனா பாய் என்னைய அனுப்பிச்சிருவாருங்க. இத வாங்கி மேடைல பட்டுன்னு போச்சுன்னா சொந்த ஊர்லயே மானம் போயிரும். கிட்டாரு இல்லீன்னா நா வெறும் ஷிப்டுக்காரனுங்க செங்கோடா. சங்கு ஊதுனா உள்ள போவோணும், சங்கு ஊதுனா வெளிய வரோணும். அவ்வளவுதான் நானு."

எனக்கு எரிச்சலெல்லாம் போய்விட்டது. வால்வையே வாங்குங்கள் என்றேன். வாங்கினார். டவுன் பஸ்ஸில் வரும்போது வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெட்டியை நான் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பாயின் கடைக்கு மேலே ஜவுளி மூட்டைகள் அடுக்கிய மாடிதான் எங்கள் ஒத்திகை இடம். பலகைத் தரை, அதன்மேல் தடி ஜமக்காளம். அங்கே பெட்டி ஒரு குறையும் இல்லாமல் பாடியது. பாய்க்குத் திருப்திதான். ஆனாலும் வியாபாரி அல்லவா, ஈரோட்டுக் கீபோர்டுக்காரரையும் மல்லசமுத்திரத்துக்கு வரச் சொல்லிவிட்டார். "சும்மா, ஒரு பந்தோபஸ்துக்கு" என்றார். அன்றிலிருந்து மருதாசலத்துக்குத் தூக்கமும் போயிற்று.

நோம்பியன்று சாயங்காலம் கோயில் முன்னால் வேனிலிருந்து இறங்கினோம். அந்தப் பக்கத்து நோம்பியில் கோயில் வாசலில் கம்பம் நடுவார்கள், தெரியும்தானே. மூன்று கிளையாகப் பிரிந்த மரம். நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள்வரை பெண்கள் குடம் குடமாக அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பத்தை ஒட்டி மண் மேடை. அதில்தான் கச்சேரி. மேடை முழுக்க ஈரம். மேலே விரித்திருந்த ஜமக்காளமும் நனைந்து காலோடு ஒட்டியது. அம்மன் சந்நிதிக்கு நேர் எதிர் என்பதால் எல்லோரும் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினோம்.

மைக் செட் சின்னண்ணன் பெட்டியின் ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்தான். மூன்று கம்பி வைத்த தடித்த பிளக். அவனுடைய கரண்ட் பலகையில் அதற்கு ஓட்டை இல்லை. பிளக்கைக் கழற்றி வீசிவிட்டு இரண்டு ஒயரை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி சொருகி இறுக்கினான். எர்த்துக்கான மூன்றாவது ஒயரை மடக்கி டேப் சுற்றினான். நம் ஊரில் எந்த மைக் செட்டுக்காரரும் செய்கிற காரியம்தான்.

வால்வுகள் சிவந்தன. மருதாசலம் சுருதி சேர்க்கக் கம்பியில் கை வைத்தார். "ஆ" என்று கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"என்னாச்சு?" என்றேன்.

"அடிக்குதுங்க. கம்பில கரண்டு வருது."

வழக்கமான பயம் என்று நினைத்து நானே கம்பியைத் தொட்டேன். தோள்பட்டை வரைக்கும் சுளீரென்று ஏறியது. அப்போதுதான் விளங்கியது. டென்சில் வீட்டில் ரப்பர் செருப்பு, பாய் கடையில் பலகைத் தரை. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று இதை ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. மேடையில் செருப்பு போடக்கூடாது என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த எங்களுக்கு, அது நினைவுக்கே வரவில்லை.

நசுருல்லா பாய் ஓடிவந்தார். கூட்டம் கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

"அந்தப் பெட்டிய விடு மருதாசலம். பழையபடி மைக் செட்டுல சொருகி வாசி. நேரமாச்சு."

அப்படி வாசித்தால் அதே தகரச் சத்தம்தான். ஈரோட்டுக்காரர் மேடை ஓரத்தில் கீபோர்டை மடியில் வைத்துத் தயாராக இருந்தார். அது பேட்டரியில் ஓடுகிற சாமான். மருதாசலத்தின் முகம் வெளுத்தது.

நான் காதோடு சொன்னேன். "ஒரு பலகைய போட்டு அதும்மேல நின்னுக்கங்க. உங்களுக்கு அடிக்காது."

"எனக்கு அடிக்காது. அவங்களுக்கு?"

முதல் பாட்டு அம்மன் பாட்டு. பாடுகிற தெய்வநாயகி அவருக்குத் தோளோடு தோள் இடிக்கிற நெருக்கத்தில், ஈர ஜமக்காளத்தில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்து நின்றிருந்தார். கை தவறிக் கிட்டாரில் பட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

மருதாசலம் செய்த காரியத்தை என்னால் நம்ப முடியவில்லை. பெட்டியின் சுவிட்சை அணைத்தார். மைக்குக்கு எதிரே போய் நின்றார்.

"பெரியவங்க மன்னிக்கோணுமுங்க. பொட்டில கரண்டு லீக்காவுது. எர்த்து போடாம நா வாசிக்க மாட்டனுங்க. ஆரும் இதத் தொட்டற வேண்டாம்."

கூட்டத்தில் விசில் பறந்தது. "கிட்டாரு பயந்துக்கிச்சு டோய்" என்று ஒருவன் கத்தினான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "முடிஞ்சுது உன் கதை" என்று பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது; மருதாசலத்துக்கும் கேட்டிருக்கும். சின்னண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இத்தன வருசமா தீக்குச்சி வெச்சுத்தான் ஓட்டறனுங்க. ஒருத்தரும் சாவல."

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெள்ளியங்கிரி, மருதாசலத்தின் அப்பா. மகன் கிட்டார் வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. அதுவரை ஒரு கச்சேரிக்கும் வந்தவரில்லை. சொந்த ஊர்க் கோயில் என்பதால் வந்திருந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எர்த்து இல்லீங்களா சாமி?" என்று மகனைக் கேட்டார்.

"இல்லீங்கப்பா."

மோட்டார் ரூம் வாசலில் கரண்ட் அடித்து அவருடைய எருமை ஒன்று செத்திருக்கிறது. அது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. விறுவிறுவென்று போய்க் கோயில் கொட்டகையிலிருந்து கடப்பாறையைத் தூக்கிவந்தார். பூசாரி குறுக்கே வந்தார்.

"அம்மன் எதுக்கால இரும்ப அடிக்கறதுங்களா?"

"கம்பத்துக்குக் குழி தோண்டுனது எதுலீங்க?" என்றார் வெள்ளியங்கிரி. பூசாரி வழி விட்டார்.

மேடைக்குப் பின்புறம், மஞ்சள் தண்ணீர் ஓடித் தேங்கியிருந்த இடத்தில் கடப்பாறையைப் பாதிக்கு மேல் இறக்கினார். கரண்ட் மண்ணில் நன்றாக இறங்க, அன்னதானக் கொட்டகையிலிருந்து கல்லுப்பு வாங்கி வரச்சொல்லி அடியில் கொட்டினார். சின்னண்ணன் மடக்கிவைத்த மூன்றாவது ஒயரை மருதாசலம் பிரித்து, நீளத்துக்கு இன்னொன்றைச் சேர்த்து, கடப்பாறையில் இறுக்கிக் கட்டினார். பெட்டியின் சுவிட்சைப் போட்டார். புறங்கையால் கம்பியைத் தொட்டார். எடுத்தார். மறுபடியும் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். ஒன்றும் இல்லை.

அம்மன் பாட்டு ஒழுங்காக நடந்தது. விசிலடித்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு அந்த வருஷம் ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு வந்தது. சுத்தமான சேனலில் பூப்போல ஆரம்பித்தார் மருதாசலம். நடுவில் அந்த இடம் வந்ததும் வெறுங்காலால் சுவிட்சை மிதித்தார். கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். அடுத்த நொடி வாசலே கூச்சலில் அதிர்ந்தது. ஒன்ஸ்மோர் கேட்டு விடவில்லை. நான் தபேலாவை மறந்துவிட்டு அவரையே பார்த்தேன். சந்தோஷமாகவா இருந்தார்? பாட்டு முடிகிறவரை பின்புறம் இருந்த கடப்பாறையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த ஆள்.

கச்சேரி முடிந்ததும் பாய் ஈரோட்டுக்காரரிடம் போனார். "பெரிய மனசு பண்ணுங்க, இப்போதைக்கு எங்களுக்குக் கிட்டார் போதும்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு மருதாசலத்தின் பெட்டியைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். ஜவுளி மூட்டையைக்கூடத் தொட்டுத் தூக்காத மனுஷன் அவர்.

ஒயரை அவிழ்க்க மருதாசலத்தோடு நான் மேடைக்குப் பின்னால் போனேன். வெள்ளியங்கிரி அங்கேதான் இருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் பெண்களிடம் வாங்கிய குடம். மோட்டாருக்குக் கோடையில் செய்வது போல, கச்சேரி நெடுக எர்த்து காயாமல் கடப்பாறை அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மருதாசலம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாட்டு எப்பிடிங்கப்பா இருந்துச்சு?"

"பாட்டெங்கடா சாமி கேட்டேன்?" என்றார் வெள்ளியங்கிரி. "தண்ணி வத்திப்போயிருமோ, உன்னைய அடிச்சுப்போடுமோன்னு மண்ணையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."