துப்பாக்கி இல்லாத வீட்டில் நூறு தோட்டா

எங்கள் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், பொன்னி அரிசி மூட்டைக்கும் நல்லெண்ணெய் டின்னுக்கும் நடுவில், ஒரு பச்சை நிற இரும்புப் பெட்டி ஏழு மாதம் இருந்தது. அதற்குள் நூறு தோட்டாக்கள் இருந்தன. வீட்டில் துப்பாக்கி கிடையாது. இங்கே டெக்சாஸில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு கேரிதான் காரணம். எழுபது வயதுக்காரர், மின்கம்ப வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். நாங்கள் குடிவந்த வாரமே புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை காலையில் நான் கொல்லைப்புறத்தில் ஊருக்குப் பேசிவிட்டுக் கைப்பேசியை வைத்தேன். ஊருக்குப் பேசும்போது எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். அரை மணி நேரமாக நான் 'அம்மா, அம்மா' என்று கத்தியது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கேரிக்கும் கேட்டிருக்க வேண்டும். மெல்ல வேலியருகே வந்து, வீட்டில் 'அம்மோ' எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டாவுக்கு இங்கே அப்படி ஒரு செல்லப் பெயர் உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். 'எவ்வளவு' என்று கேட்டது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

"ஒன்றுதான். இந்தியாவில் இருக்கிறது" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஒன்றே ஒன்றா? அதுவும் இந்தியாவிலா?"

"ஆமாம். ரொம்பப் பழசு. ஆனால் இன்னும் உறுதி. சில நேரம் திடீரென்று வெடிக்கும்."

பழசானால் அப்படித்தான், கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அந்தப் பெட்டியோடு வந்து நின்றார். புது வீட்டுக்குப் பரிசாம். உள்ளே நான்கு அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து. துப்பாக்கியை ஆற அமர வாங்கிக்கொள்ளலாம், தோட்டாதான் சமயத்தில் கிடைக்காது என்றார். வாங்கி வைக்கத்தான் முடிந்தது. பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

என் கணவர் பிரபு அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். சும்மா கிடக்கும் சரக்கைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. முதல் வாரம் என்னைப்போலவே பயந்தார். குப்பையில் போடக்கூடாது என்று குப்பை வண்டிக்காரர்கள் சொன்னதும் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். எங்கள் வீட்டில் தோட்டாக்கள் இருக்கின்றன என்றார். யாருடையவை என்று கேட்டார்கள். எங்களுடையவை என்றார். அப்படியானால் பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். பிரபு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மூன்றாவது மாதம் அவர் பேச்சு மாறியது.

"நூறு கெடக்குல்ல ராணி. ஒரு துப்பாக்கி வாங்கிட்டா அது பாட்டுக்குச் செலவாயிரும்."

"எதுல செலவாகும்? தாளிக்கவா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான். இங்க எல்லாரும் வச்சிருக்காகல்ல."

அன்று தொடங்கிய சண்டை அந்தப் பெட்டியைப்போலவே நகராமல் கிடந்தது. துப்பாக்கி வந்தால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், போவதென்றால் எங்கே போவது என்று யோசித்தேன்.

எனக்குத் துப்பாக்கி தெரியாததில்லை. திருச்சுழியில் இருந்து நரிக்குடி போகும் பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். கண்மாய்க்குள் சீமைக்கருவேலங்காடு, அதற்குள் காட்டுப்பன்றி. பயிரைக் காக்க என்று அப்பா உரிமம் வாங்கி ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். முடிந்ததும் போய் வாங்கி வருவார். நானறிய அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. கடலைக்காட்டில் விடியற்காலையில் சுட்டார். பன்றி தப்பிவிட்டது. குண்டு தண்ணீர்க் குழாயைத் துளைத்து, காடு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அன்று துப்பாக்கியை மாட்டியவர், அதன்பிறகு தேர்தலுக்கு ஒப்படைக்க மட்டுமே அதைக் கீழே இறக்கினார். குழாய்க்குப் பக்கத்தில்தான் அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. அவர் இறந்த பிறகு துப்பாக்கி நிரந்தரமாகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. அம்மா தனியாளாக மக்காச்சோளம் போட்டாள். காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினாள், தகரம் தட்டினாள், வெடி போட்டாள். பன்றிகள் சேலையைத் தாண்டக் கற்றுக்கொண்டன. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காலைப்பொழுதில் ஓர் ஏக்கரும் உழுது போட்டதுபோல ஆகிவிட்டது. அப்பா இறந்தபோது என்னைத் தேற்றியவள் அன்று போனில் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "உங்கப்பா துப்பாக்கிய எம்பேருக்கு மாத்தப்போறேன்" என்றாள்.

இப்படியாகத் திருச்சுழிப் பக்கம் தோட்டா இல்லாமல் ஒரு துப்பாக்கிக்கும், டெக்சாஸில் துப்பாக்கி இல்லாமல் நூறு தோட்டாக்களுக்கும் நான் ஒருத்தியே பொறுப்பாளியானேன். ஒருநாள் வீடியோவில் பேசும்போது சாமான் அறையில் ஏதோ எடுக்கப் போனேன். அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டாள். விவரம் சொன்னேன். அட்டையில் எழுதியிருந்த குழல் அளவு எண்ணைக் கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

"நம்மளுதும் பன்னெண்டுதான். வரும்போது ஒரு ரெண்ட எடுத்துட்டு வாயேன். அங்க சும்மாதான கெடக்கு?"

"செயில்ல போட்டுருவாகம்மா!"

"ரெண்டுக்குமா?"

உரிமத்தை மாற்றும் விசாரணைக்குத் திருச்சுழி தாலுகா ஆபீசில் அம்மாவுக்கு நாள் குறித்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு நாள் பயணப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன், எங்காவது ஒரு தோட்டா சேலை மடிப்பில் ஒளிந்திருக்குமோ என்று. விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது அம்மா கூப்பிட்டாள். ஸ்பீக்கர் தவறுதலாக அழுந்திவிட்டது. "ராணி, தோட்டா எடுத்துக்கிட்டியா?" என்ற குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற தமிழ்க் குடும்பம் மொத்தமாகத் திரும்பியது. "தோட்டத்தப் பத்தி அப்புறம் பேசலாம்மா" என்று நானும் அதே சத்தத்தில் சொல்லி அணைத்தேன். அந்த வீட்டுப் பெண்மணி சிரிக்கவுமில்லை, அதற்குப் பிறகு என் பக்கத்தில் வரவுமில்லை.

தாலுகா ஆபீசில் எங்களை விசாரித்தவர் நடுத்தர வயது அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். நிலம் எவ்வளவு, பன்றி எத்தனை தடவை வந்தது, பார்வை எப்படி என்றெல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில், "தோட்டா எத்தனம்மா போடட்டும்?" என்றார்.

"மூணு."

"ஏம்மா மூணு?"

"ஒண்ணு சுடுறதுக்கு. அது படலைன்னா இன்னொண்ணு. மூணாவது, வீட்டுல ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குறதுக்கு."

அதிகாரி பேனாவை வைத்தார். "மூணு போட முடியாதும்மா. யாரும் பத்துக்குக் கொறஞ்சு கேட்டதில்ல. மேல கேள்வி வரும்."

"கம்மியாக் கேட்டா என்ன சார் கேள்வி?"

"மிச்சத்த வேற எங்க வச்சிருக்கீகன்னு கேப்பாங்க."

"பத்து எனக்கு எதுக்கு? பன்னி பத்து நாள் வந்தா நாலு நாளு நான் எந்திரிக்கவே மாட்டேன்."

"சரி, எட்டுன்னு போட்டுக்கிடுறேன்."

"நாலு."

துணிக்கடையில் அம்மா பேரம் பேசி நான் பார்த்திருக்கிறேன். விற்பவர் ஏற்றவும் வாங்குபவர் இறக்கவும் நிற்பது வழக்கந்தான். ஆனால் இங்கே கொடுப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை, வாங்குபவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு பேரும் விடுவதாக இல்லை. அதிகாரி அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார். நான் அமெரிக்காவில் இருப்பதை அம்மா வந்தவுடனே சொல்லியிருந்தாள்.

"அங்கல்லாம் வீட்டுக்கு வீடு வச்சிருப்பாகளாமே. நீங்க எத்தன தோட்டா வச்சிருக்கீங்க?"

அரசாங்க ஆபீசில் பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "நூறு சார்" என்றேன்.

பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது.

"துப்பாக்கி என்ன மாதிரி?"

"துப்பாக்கி இல்ல சார்."

"துப்பாக்கி இல்லாம நூறு தோட்டாவ வச்சு என்னம்மா செய்றீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாரு சார். புது வீட்டுக்கு."

அவர் என் பக்கம் குனிந்து பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடி தானாக மூக்கில் வந்து விழுந்தது. பிறகு அம்மாவிடம், மகளிடம் இனி எதுவும் கேட்பதில்லை என்கிற முகத்தோடு, "அஞ்சு. அதுக்கு மேல கொறைக்க முடியாது" என்றார். அம்மா ஒப்புக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் முகம் தெளியவில்லை. "ரெண்டு கூடிப்போச்சு" என்றாள். "அத எங்க வைக்கிறது? அரிசிப் பானையில வைக்கலாமா?"

"அம்மா, நெசமாவே சுடுவியா?" என்றேன்.

எதிரே கடலை மூட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் குழா ஒடஞ்சு தண்ணி பீச்சி அடிச்சுச்சே, அது எம்மேலதான் அடிச்சுச்சு. ரத்தம்னு நெனச்சு உங்கப்பா ஓடியாந்தாக. வந்து தொட்டுத் தொட்டுப் பாத்தாக. அதுக்கப்புறம் அவுக சுடல. நானும் வானத்தப் பாத்துத்தான் சுடுவேன். சத்தம் கேட்டாப் போதும், ஓடிரும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸு வந்ததும் எனக்கு முந்தி ஏறி இடம் பிடித்துவிட்டாள்.

டெக்சாஸுக்குத் திரும்பியதும் இதை அப்படியே பிரபுவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பெட்டியைச் சாமான் அறையில் இருந்து தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேரி வீட்டுக்குப் போனோம். திருப்பித் தருகிறோம் என்றால் மனம் வருந்துவாரே என்று, அம்மாவுக்கு உரிமம் கிடைக்கப்போவதையும், ஐந்து தோட்டா என்று முடிவானதையும் பிரபு முன்னுரையாகச் சொல்லத் தொடங்கினார். கேரியின் கண்கள் கலங்கிவிட்டன.

"ஐந்தா? பாவம் அந்தப் பெண்மணி" என்றார்.

அவள் கேட்டது மூன்று என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சொல்லி ஏதாவது சேர்த்து அனுப்பலாம் என்றார். இந்தியாவுக்கு அனுப்பினால் நாங்கள் அத்தனை பேரும் சிறைக்குப் போவோம் என்று புரியவைக்க அரை மணி நேரமானது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியைத் தன் கார் கொட்டகையில் மேல் அலமாரியில் வைத்தார். தடித்த பேனாவால் அதன்மேல் 'ராணியின் தாயாருக்கு' என்று எழுதினார். அம்மா வந்து வாங்கிக்கொள்ளும்வரை யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார். அலமாரியில் மற்றவை எத்தனை இருக்கும் என்று பிரபு கேட்டதற்கு, எண்ணியதில்லை என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துப்பாக்கிப் பேச்சு எழவில்லை.

போன மாதம் ஒரு காலையில், அலுவலகக் கூட்டத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, அம்மாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. உரிமம் வந்துவிட்டது. உரிமதாரர் பெயர் அம்மாவுடையது. ஒரே சமயத்தில் வைத்திருக்கக்கூடிய தோட்டா ஐந்து. அதற்குக் கீழே, உரிமதாரர் சார்பில் ஆயுதத்தைக் கையாளும் ஆள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் என் படம். பிளஸ் டூ படிக்கும்போது எடுத்தது. ரெட்டைச்சடை, ரிப்பன், எண்ணெய் மின்னும் நெற்றி. விலாசம் எங்கள் ஊர், திருச்சுழி தாலுகா.

உடனே கூப்பிட்டேன். "என்னம்மா இது?"

"அந்த எடத்துல ஒரு ஆளு எழுதணும்னாக. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நான் இங்கல்லம்மா இருக்கேன்."

"அது அந்தப் பாரத்துல கேக்கலத்தா."

ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்துப் பல வருஷமாகிறது. வாக்காளர் பட்டியலிலும் இல்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது அதிலும் டெக்சாஸ் விலாசம் ஏறிவிட்டது. நான் அந்த வீட்டில் வசிக்கிறேன் என்று சொல்கிற ஒரே அரசாங்கக் காகிதம் இனி இதுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்ட முத்திரையை வழக்கம்போல ஓரத்தில் குத்தியிருந்தார்கள். பாதி அந்த ரெட்டைச்சடைக்காரியின் தோளில் விழுந்திருந்தது, பாதி தாளில்.