கடைவாயில் ஒரு கிள்ளுப் புகையிலை

அந்தப் பிளாஸ்டிக் போத்தலை நீட்டும்போது எனக்குத் துளிக்கூட பயமில்லை. இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றின் பெண்கள் ஹாக்கி அணிக்கு நான் கோல்கீப்பர். சிகரெட் பிடிப்பவர்களைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் நிகோட்டின் (புகையிலையில் உள்ள போதைப் பொருள்) இருக்கிறதா என்று சோதித்தார்கள். இருந்தால் அணியில் இடமில்லை. நான் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது.

மாட்டியது நான் ஒருத்திதான்.

"சத்தியமா நான் பிடிக்கல, டாக்டர்!" என்று அழுதேன்.

பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்திருந்த எங்கள் அணி மருத்துவர் அதட்டவில்லை. "பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலையே. வெத்தல போடுவீங்களா?"

"இல்ல டாக்டர். பல்லு வலிக்குக் கொஞ்சம் பொகையில வைப்பேன், அவ்வளவுதான்."

பதினைந்து வயதில் கடைவாய்ப் பல் வலித்தபோது, கிள்ளான் வீட்டில் அம்மா வைத்துவிட்டது. பல்லைப் பிடுங்கியே பல வருடமாகிவிட்டது. புகையிலை மட்டும் போகவில்லை. அதை நான் மருந்து என்றே நினைத்திருந்தேன்.

"வாயைத் திறங்க. காரம் பட்டா எரியுதா?"

"ஆமா, கொஞ்ச நாளா."

அவர் முகம் மாறிவிட்டது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு (சுரண்டினாலும் போகாத தடிப்பு, புற்றாக மாறலாம்). பயாப்சிக்கு (சிறு சதையை வெட்டியெடுத்துச் சோதிப்பது) எழுதிக் கொடுத்தார். ஹாக்கியாவது மண்ணாவது!

முடிவு வர இரண்டு வாரம். சோறு இறங்கவில்லை. நாக்கு போய்ப் போய் அந்த இடத்தையே தடவியது. "நான்தானேடி வெச்சேன், பாவி நான்தானே வெச்சேன்" என்று அம்மா ஒரே புலம்பல்.

முடிவு கேட்க அம்மாவும் வந்தார்.

"புற்று இல்ல. ஆனா செல்லு மாற ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கே விட்டுருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும்."

நான் வாய்விட்டு அழுதேன். அவர் என் வாயைப் பார்த்த டார்ச்சை அணைக்காமல் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களும் வெத்தல பொகையில போடுறவங்கதானே? வாயைத் திறங்கம்மா, பார்ப்போம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு ஒன்னுமில்ல லா, டாக்டர்."

ஒரு வருடத்தில் என் திட்டு மறைந்தது. அடுத்த சோதனையில் தேறி கோலுக்குத் திரும்பினேன். ஆனாலும் என் காலம் மூன்று மூன்று மாதமாகத்தான் நகர்கிறது. காலையில் பல் தேய்க்கும் முன் விரல் தானாகக் கன்னத்துக்குள் போகிறது. சிகரெட் பிடிப்பதில்லை என்று என்னைப்போல் தெம்பாக இருப்பவர்களே, தயவுசெய்து ஒரு டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.

அம்மாவும் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார். டாக்டரிடம் மட்டும் வர மாட்டேன் என்கிறார்.

நேற்று பருப்புச் சோற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு, காரம் என்று தட்டைத் தள்ளினார். நான் அதில் மிளகாயே போடவில்லை.