‘வட்டை’யைக் கட்டியவள்

2022 நவம்பர் ஆறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் நிப்றாஸ் கத்தாருக்குப் புறப்பட்டான். வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு, சாய்ந்தமருதில் றாஹிலாவின் வாசலுக்கு வந்தான்.

“டீச்சர், பயணம் போறன். ஒங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா ஹலாலாக்கிருங்க.”

பயணம் போகிறவர்கள் வீடு வீடாகக் கேட்பதுதான். கேட்டால் ‘ஹலால்’ என்று மன்னித்துவிடுவார்கள், எதற்கென்று யாரும் விசாரிப்பதில்லை.

“ஓம், ஹலால்தான். நீங்க கொண்டு போய்த் துலைச்ச என்ட ரெண்டு பென்டிரைவையும் சேத்து!” என்றாள்.

அவன் சிரிக்காமல் வேனில் ஏறினான். பயணக் கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

றாஹிலா வரிப்பத்தான்சேனையில் கணினி ஆசிரியை. பாடசாலையில் யாரோ கழித்துக் கொடுத்த பதினேழு கணினிகள் இருந்தன; புதிய விண்டோஸைத் தாங்காதவை. கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த நிப்றாஸ்தான் லினக்ஸைக் காட்டினான். உலகெங்கும் முகம் தெரியாதவர்கள் கூடிப் பராமரிக்கும் பொது அடித்தளம் அது. அதை எடுத்து, வேண்டாததைக் கழற்றி, வேண்டியதைச் சேர்த்து, யாரும் தமக்கென ஒரு லினக்ஸைக் கட்டிக்கொள்ளலாம். எழுதியவர்களின் பெயர்களை மட்டும் அழிக்கக் கூடாது.

ஒரே வாய்க்காலில் பல வயல்கள் விளையும் வயல்வெளியை நினைத்து, பாடசாலைக்கெனத் தான் கட்டத் தொடங்கியதற்கு ‘வட்டை’ என்று பெயர் வைத்தாள். பதினான்கு மாதம் உழைத்தாள். மின்வெட்டு நாளொன்றில் முஸ்பிறா என்ற மாணவி பாதிக் கட்டுரையைப் பறிகொடுத்துத் தேம்பியதும், தட்டத் தட்டத் தானாகச் சேமிக்கும் ஒரு நிரலைச் சேர்த்தாள். அதன் தலையில் இரண்டு வரி எழுதினாள்: ‘எழுதியவர் றாஹிலா, சாய்ந்தமருது. முஸ்பிறா இனி அழக் கூடாது.’ நிப்றாஸ் ஒவ்வொரு கணினியிலும் ஏற்றிச் சோதித்துக் கொடுத்தான்.

அவன் போன அடுத்த வருடம், தோஹாக் கம்பனியொன்று பாடசாலைகளுக்கென வெளியிட்ட லினக்ஸை ஆசையாக இறக்கிப் பார்த்தாள். பெயர் வேறு, நிறம் வேறு; உள்ளே வட்டையேதான். உருவாக்கியவர்: நிப்றாஸ். பதறிப்போய், தானாகச் சேமிக்கும் அந்த நிரலைத் திறந்தாள். முதல் வரி இல்லை. முஸ்பிறா மட்டும் அப்படியே இருந்தாள்.

“கம்பனிக்காரன் அழிச்சிருப்பான் புள்ள,” என்றார் உம்மா. “நம்மட வாசல்ல நிண்டு ஹலால் கேட்டுட்டுப் போன பொடியன். அவன் செய்வானா?”

“எடுத்தா எடுக்கட்டும் உம்மா, அதுக்குத்தானே பொதுவில வெச்சிருக்கு. என்ட பேர அழிச்சது ஆரு? அதுதான் எனக்குத் தெரியோணும்.”

நிப்றாஸிடமே வாட்ஸ்அப்பில் கேட்டு எழுதினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து பேசாமல் இருக்கிறான் போலும் என்று, அவனுக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உம்மா சொன்னதையே பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினாள்.

போன மாதம், பத்தாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. நிப்றாஸின் செய்தி.

“டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். நாளைக்கு மக்காவுக்கு உம்றா செய்யப் போறன். மறைக்கக் கூடாது. ஒங்கட பேர நான்தான் அழிச்சன். கம்பனிக்குக் காட்ட, ஊரால வெளிக்கிட முந்தின கிழமையே அழிச்சிட்டன். அதுக்குத்தான் அண்டைக்கு ஹலால் கேட்டன். நீங்களும் ஓம் எண்டீங்க. அது செல்லும்தானே?”